ஆண்டிறுதிப் பயணத்துக்குப் பெட்டி கட்டுவது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

நவம்பர் நடுவில் பள்ளி விடுமுறை விட்டதும் பாதி சிங்கப்பூர் சாங்கியில்தான் நிற்கும். விமான நிலைய செக்-இன் கவுன்டரில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். எடை கூடிப்போய், தரையிலேயே பெட்டியைத் திறந்து, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிற குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். வீட்டிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த நிலைமை வந்திருக்காது. நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

தெம்பனிஸ் வாசகி: அக்கா, டிசம்பரில் திருச்சிக்குப் போகிறோம். இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து. எட்டுப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன், எடை இடிக்கிறது. பட்டுப்புடவையைக் கசங்காமல் எப்படி வைப்பது?

எட்டு எதற்கு, சகோதரி? அலமாரியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் நாட்களை எழுதுங்கள். எந்த நாள், என்ன விசேஷம், காலையா மாலையா. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு உடுப்பு. தாளில் இடம் கிடைக்காத புடவை பெட்டிக்குள்ளும் போகக் கூடாது. முகூர்த்தத்துக்கு ஒரு காஞ்சிப் பட்டு, வரவேற்புக்கு ஒன்று, காதுகுத்துக்கு சாஃப்ட் சில்க். இரண்டு கல்யாணமும் வேறு வேறு சொந்தம் என்றால் அதே பட்டை மறுபடி கட்டலாம், யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை. ஜரிகை அடர்த்தியான கல்யாணப் பட்டு ஒன்று ஒரு கிலோகூட வரும். 28 அங்குலக் கெட்டிப் பெட்டி காலியாகவே 4, 5 கிலோ. அந்த எடையைக் கழித்துவிட்டுத்தான் மிச்சக் கணக்கு.

புடவையை மட்டும் தனியாக வைக்காதீர்கள். புடவை, அதற்கான ரவிக்கை, உள்பாவாடை, ஊக்கு எல்லாம் சேர்த்து ஒரு பருத்திப் பை, ஒரு விசேஷத்துக்கு ஒரு பை. ரவிக்கை தெம்பனிஸ் வீட்டு ஹேங்கரில் தொங்க, ஊரில் விடிகாலையில் தையல்காரரைத் தேடி அலைவது நம் பெண்களுக்கு அடிக்கடி நடக்கிறது.

இப்போது மடிப்பு. பல மாதம் ஒரே மடிப்பில் இருந்த பட்டை அப்படியே பெட்டியில் அழுத்தினால், அந்தக் கோட்டிலேயே ஜரிகை முறிந்து இழை பிரியும். முழுசாக விரித்து, பழைய மடிப்புக்கு இரண்டு விரல் தள்ளிப் புதிதாக மடியுங்கள். ஜரிகைப் பக்கம் உள்ளே போகட்டும். மடிப்பு திரும்புகிற இடத்தில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டைச் சுருட்டிக் கொடுத்தால் கோடு கூர்மையாக விழாது. மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம் ஊர் ஈரம் உள்ளே நின்று ஜரிகை கறுக்கும். அந்துருண்டை ஜரிகையைத் தொடவே கூடாது. பெட்டியை நிமிர்த்தினால் சக்கரம் இருக்கும் பக்கம் கீழே வரும், அங்கே செருப்பு, பரிசுப் பொருள் போன்ற கனமானவை. புடவைப் பைகள் நடுவில், சுற்றிலும் சட்டை, துண்டு. போய் இறங்கியதும் வெயில் படாத இடத்தில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். தண்ணீர் தெளித்துத் தேய்க்காதீர்கள், பட்டில் கறை நிற்கும்.

முதல் விசேஷத்துக்கான ஒரு முழுப் பையும் நகையும் ஹேண்ட் கேரியில் வரட்டும். பெட்டி ஒரு நாள் தாமதமானாலும் நீங்கள் பந்தியில் கவலையில்லாமல் உட்காரலாம்.

அங் மோ கியோ வாசகி: திரும்பி வரும்போது மாமியார் கட்டிக் கொடுப்பதை எல்லாம் கொண்டு வரலாமா? பொடி, ஊறுகாய், கொப்பரை, கருவாடு...

பொடி, அப்பளம், வடகம் தாராளமாக வரலாம். கருவாடும் சரி. கடல் உணவு வகை ஆளுக்கு 5 கிலோ வரை சொந்த உபயோகத்துக்குக் கொண்டு வரலாம். ஆனால் கோழி ஊறுகாய், மட்டன் ஊறுகாய், உப்புக்கண்டம் இந்தியாவிலிருந்து வரக் கூடாது. கசகசாவைத் தொடவே வேண்டாம், இங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் போய் நிற்கும். மாமியார் பொடியில் அரைத்துப் போட்டிருக்கிறாரா என்றுகூடக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொப்பரை பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். காய்ந்த தேங்காயில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்றுதான் விமானப் போக்குவரத்தில் அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். கற்பூரமும் எளிதில் தீப்பற்றும் பொருள், அதுவும் கூடாது. இரண்டும் இங்கே தேக்காவில் கிடைக்கிறது, ஊரிலிருந்து சுமப்பானேன்?

நல்லெண்ணெய், நெய், ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கு. கையில் என்றால் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்குள், எல்லாம் ஒரு லிட்டர் தெளிவான பைக்குள். செக்-இன் பெட்டியில் என்றால், மூடியைத் திறந்து வாயின் மேல் கிளிங் ராப் வைத்து மூடி, சுற்றி டேப் ஒட்டி, ஜிப் பைக்குள் போட்டு, அதையும் ஒரு டின்னுக்குள் நிமிர்த்தி வையுங்கள். கழுத்து வரை நிரப்பாதீர்கள். மேலே பறக்கும்போது காற்றழுத்தம் குறைவதால் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும்.

துவாஸ் தங்குவிடுதித் தம்பி: அக்கா, ரெண்டு வருஷம் கழிச்சுப் பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். அட்டைப்பெட்டி கட்டிக்கலாமா, சூட்கேஸ் வாங்கணுமா?

அட்டைப்பெட்டியே போதும் தம்பி. சூட்கேஸ் தின்னும் எடையில் வீட்டுக்கு இன்னும் நாலு சாமான் வாங்கலாம். இரண்டு அடுக்கு கெட்டி அட்டையாகப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நடுக்கோட்டிலும் இரண்டு ஓரத்திலும் டேப். கயிறு கட்டினால் தொங்கும் முனை பெல்ட்டில் சிக்கும், அதனால் டேப்பையே இறுக்கமாக ஒட்டுங்கள். பெயரையும் ஊர் போன் நம்பரையும் இரண்டு பக்கம் எழுதி, உள்ளேயும் ஒரு சீட்டு போடுங்கள். டிக்கெட்டில் 40 கிலோ வாங்கியிருந்தாலும் ஒரே பெட்டியில் கட்டக் கூடாது, ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். தூக்கிப் போடுகிறவரும் ஒரு தொழிலாளிதான்.

கோடாலித் தைலம் பாட்டில்களை வேட்டி, துண்டு நடுவே சுருட்டி வையுங்கள். சென்ட், பாடி ஸ்ப்ரே வகை ஒவ்வொன்றும் 500 மி.லி.க்கு மேல் போகக் கூடாது, எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2 லிட்டர்வரை. பாஸ்போர்ட், வேலை அனுமதித் தாள், சான்றிதழ், பணம், அம்மாவுக்கு வாங்கிய மோதிரம் இதெல்லாம் உடம்போடு ஒட்டிய பையில். ஒரு சட்டை, ஒரு கைலி கையில் இருக்கட்டும். நல்லபடியாகப் போய் வாருங்கள்.

பிடோக் வாசகர்: பவர்பேங்க் எதில் வைப்பது?

கையில் மட்டும்தான். 100 வாட்-ஹவர் (அது சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) வரை அனுமதி கேட்கத் தேவையில்லை. சாதாரண 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் சுமார் 74 வாட்-ஹவர்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 1 ஏப்ரல் 2025 முதல் விமானத்துக்குள் பவர்பேங்கால் சார்ஜ் போடக் கூடாது, அதற்கு சார்ஜ் ஏற்றவும் கூடாது. வீட்டிலேயே போனை முழுசாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

செங்காங் அப்பா: டிசம்பரில் ஜப்பானின் ஹொக்கைடோ. பிள்ளைகளுக்கு 5 வயது, 9 வயது. குளிர் உடுப்புக்கு நிறையச் செலவாகிறது. வேக்குவம் பை வாங்கினால் எல்லாம் அடங்கும் என்கிறார்கள், உண்மையா?

இடம் அடங்கும், எடை அடங்காது. பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறதே என்று அடைத்துக்கொண்டே போய், கவுன்டரில் 6 கிலோ கூடுதலாக நிற்பதற்கு இந்தப் பைதான் பெரும்பாலும் காரணம். பம்பு தேவைப்படுகிற பையை வாங்கினால் திரும்பி வரும்போது ஹோட்டலில் என்ன செய்வீர்கள்? கையால் சுருட்டிக் காற்றை வெளியேற்றும் வகை போதும். அதையும் கனமான ஜாக்கெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் ஒரு தடித்த ஜாக்கெட், அதற்குள் வீட்டில் போடும் பருத்தி டி-ஷர்ட் என்று போகிறார்கள். அது சரிப்படாது. ஹொக்கைடோவில் கடை, ரயில், ஹோட்டல் எல்லாவற்றிலும் ஹீட்டர் எரியும். உள்ளே நுழைந்ததும் வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே வந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரும். சின்னப் பிள்ளைகள் சொல்லத் தெரியாமல் அழுவார்கள். உடம்போடு ஒட்டிய வெப்ப உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ், கடைசியில் காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். உள்ளே போனால் கழற்றலாம், வெளியே வந்தால் மாட்டலாம். உள்ளாடை ஆளுக்கு மூன்று செட் போதும், இரவில் அலசிப் போட்டால் ஹீட்டர் அறையில் காலைக்குள் காய்ந்துவிடும். கையுறை மட்டும் பிள்ளைகளுக்கு இரண்டு ஜோடி வேண்டும், தண்ணீர் புகாததாக. பனியைத் தொடாமல் இருக்க மாட்டார்கள், ஒரு ஜோடி எப்போதும் நனைந்தே இருக்கும்.

5 வயதுப் பிள்ளைக்கு ஜாக்கெட் வாங்காதீர்கள். அடுத்த வருடம் கை எட்டாது. இங்கேயே குளிர் உடுப்பு வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன, அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளையிடம் கேட்டாலும் கிடைக்கும். வெப்ப உள்ளாடை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

காலணி விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சில வருடத்துக்கு முன் வாங்கிய பனிக் காலணி ஸ்டோர் ரூமில் கிடக்கிறது, பார்க்கப் புதுசாக இருக்கிறது என்று எடுத்துப் போகிறவர்கள் நிறைய. அடிப்பாகம் பாலியுரேத்தேனாக (ஒரு வகை நுரை பிளாஸ்டிக்) இருந்தால், இந்த ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்து அதைச் சிறிது சிறிதாக உதிரவைத்திருக்கும். போடாமல் சும்மா வைத்திருப்பதாலேயே கெட்டுப்போகும். அங்கே போய்ப் பனியில் நாலு எட்டு வைத்ததும் அடி தனியாகக் கழன்று வரும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னால், அடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்புக் கோடு தெரிந்தாலோ, தூளாக ஒட்டினாலோ தூக்கி எறியுங்கள். நன்றாகத் தெரிந்தாலும் போட்டுக்கொண்டு புளோக்கைச் சுற்றி அரை மணி நேரம் நடந்து பாருங்கள். பழைய பெட்டியின் சக்கரத்தையும் அப்படியே பார்க்க வேண்டும், அதுவும் பல நேரம் இதே பொருள்தான்.

ஜப்பானுக்கு பக் குவா, சாசேஜ் எந்த இறைச்சி வகையும் எடுத்துப் போகக் கூடாது. பெட்டியில் கிடக்கும் சளி மாத்திரை அட்டையையும் படியுங்கள். சூடோஎஃபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அங்கே தடை.

திரும்பி வந்ததும் ஜாக்கெட்டை நன்றாக உலர்த்தித்தான் அலமாரியில் வைக்க வேண்டும். இறகு ஜாக்கெட்டை அடுத்த பயணம் வரைக்கும் வேக்குவம் பையிலேயே விட்டுவிடாதீர்கள், நசுங்கிய இறகு பழையபடி உப்பாது, சூடும் தராது.

உட்லண்ட்ஸ் வாசகர்: குடும்பத்தோடு கேமரன் மலை, மூன்று நாள், கோச்சில்.

ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு, சேறு பட்டாலும் பரவாயில்லாத காலணி. கைப்பையில் வாந்திப் பை, மாற்று டி-ஷர்ட். மலைப் பாதை வளைந்து வளைந்து போகும், பிள்ளைகளுக்குத் தலைசுற்றும். திரும்பும்போது தேயிலையும் காய்கறியும் இடம் கேட்கும், பாதிப் பையைக் காலியாக விடுங்கள்.

ஜூரோங் வெஸ்ட் மாணவர்: பேங்காக், ஐந்து நாள், நண்பர்களோடு. 7 கிலோ ஹேண்ட் கேரியில் முடியுமா?

தாராளமாக. நான்கு டி-ஷர்ட், சீக்கிரம் காயும் இரண்டு அரைக்கால் சட்டை, ஒரு முழுக்கால் சட்டை. அந்த முழுக்கால் சட்டையை விட்டுவிடாதீர்கள், கிராண்ட் பேலஸில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஜீன்ஸ் வேண்டுமென்றால் போட்டுக்கொண்டு போங்கள், முக்கால் கிலோவுக்குப் பக்கம் வரும். ஷாப்பிங் எண்ணம் இருந்தால் திரும்பும் டிக்கெட்டுக்கு மட்டும் இப்போதே எடை வாங்கி வையுங்கள். கவுன்டரில் கேட்டால் விலை அதிகம்.

யீஷூன் வாசகி: அம்மாவுக்கு 72 வயது. மெல்பர்னில் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போகிறார். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். தம்பிக்குக் கறிவேப்பிலையும் பொடியும் வேண்டுமாம்.

இன்சுலின் கட்டாயம் கையில். கீழே சரக்குப் பகுதியில் உறைந்து போனால் மருந்தே வீண். எல்லா மருந்தும் மருந்தகம் கொடுத்த பெட்டியோடும் லேபிளோடும் இருக்கட்டும், டாக்டர் கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கு 100 மி.லி. கட்டுப்பாடு பொருந்தாது, ஆனால் சோதனையில் எடுத்துக் காட்ட வேண்டும்.

பச்சைக் கறிவேப்பிலை ஆஸ்திரேலியாவுக்குள் போகாது, ஒரு கொத்தும் வேண்டாம். பொடி, முறுக்கு எதுவானாலும் வருகை அட்டையில் உணவு இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். குறித்துவிட்டால், ஆகாததை எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தால்தான் அபராதம். எல்லா உணவையும் ஒரே பையில், பெட்டியின் மேலாக வையுங்கள், அம்மா குனிந்து கிளற வேண்டியிருக்காது. எது என்ன பொடி என்று ஆங்கிலத்தில் ஒட்டிவிடுங்கள்.

டிசம்பர் அங்கே கோடைக்காலம்தான், ஆனால் மெல்பர்னில் மதியம் கொளுத்திவிட்டு மாலையே குளிரும். பருத்திப் புடவைகளோடு ஒரு கம்பளிச் சால்வை, இரண்டு ஜோடி காலுறை. விமானத்துக்குள்ளும் குளிரும் என்பதால் சால்வை கையில் இருக்கட்டும். பெட்டி சின்னதாக, நான்கு சக்கரம் உள்ளதாக, அம்மா தானாகவே தள்ளிப் பார்த்துச் சரி என்று சொல்வதாக இருக்க வேண்டும். கைப்பிடியில் பளிச்சென்று ஒரு நிறத் துணியைக் கட்டி, அதைப் போனில் படமெடுத்துத் தம்பிக்கும் அனுப்பிவிடுங்கள்.