குளிர்கால டயர் மாட்டலாமா, வேண்டாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீடு பெரிய ரோட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வருஷத்தில் சில நாள்தான் பனி கொட்டும். அதற்காகத் தனியாக ஒரு செட் டயர் வாங்கத்தான் வேண்டுமா?

எத்தனை நாள் கொட்டுகிறது என்பதைவிட, கொட்டிய பனி உங்கள் சாலையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று பாருங்கள். பனி அள்ளும் வண்டி நெடுஞ்சாலைக்குத்தான் முதலில் போகும். கிளைச் சாலைக்கு வர ஒரு நாள் ஆகலாம், வராமலே போகலாம். மரங்கள் நெருங்கி நிற்கும் வளைவுகளில் பகலில் உருகிய தண்ணீர் ராத்திரி மறுபடி உறைந்துவிடும். மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும், ரோடு வெறும் ஈரமாகத்தான் தெரியும். ஆனால் மேலே ஐஸ் படிந்திருக்கும்.

பனி விழும் நாளுக்கு மட்டும்தான் இந்த டயர் என்றும் நினைக்க வேண்டாம். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும், பிடிப்பு குறையும். குளிர்கால டயரின் ரப்பர் கலவை குளிரிலும் இளக்கமாகவே இருக்கும். அதன் பட்டன்களை, அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகளை, குனிந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நெளிநெளியாக ஓடும். சக்கரம் உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்வும். பட்டன்களுக்கு இடையே உள்ள காடிகளில் அடைத்துக்கொள்ளும் பனியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பனியோடு பனி ஒட்டும், அதுவும் பிடிப்பைக் கூட்டும்.

முடிவெடுக்க நான் கேட்பது ஒரே கேள்விதான்: ரோடு மோசமாக இருக்கும் காலையில் நீங்கள் வீட்டிலேயே இருந்துவிட முடியுமா? முடியும் என்றால் அவசரம் இல்லை. ஆஸ்பத்திரி, வேலை, பள்ளிக்கூடம் என்று போயே தீர வேண்டும், வழியில் ஏற்ற இறக்கமும் உண்டு என்றால் வாங்கிவிடுங்கள். ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் தேயாமல் இருக்கும். அதனால் மொத்தப் பணமும் கூடுதல் செலவு ஆகாது.

கேள்வி: என்னுடையது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. எனக்குமா வேண்டும்?

உங்களுக்கும்தான். இந்த விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாலு சக்கர இழுவை உதவுவது வண்டியைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும்தான். பிரேக் பிடிப்பதில் அதற்கு எந்தப் பெருமையும் இல்லை, ஏனென்றால் எல்லாக் காரிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும் உண்டு. நிற்பதும் திரும்புவதும் முழுக்க டயரின் வேலை.

உண்மையான ஆபத்து வேறு. சாதாரணக் கார் கிளம்பும்போதே சக்கரம் சுற்றி, ரோடு வழுக்குகிறது என்று சொல்லிவிடும். உங்கள் வண்டி அந்த எச்சரிக்கையைத் தராமல் சுலபமாகக் கிளம்பிவிடும். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் நிலைமை தெரியும், அதற்குள் வேகம் ஏறியிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய நாலு மடங்கு.

பின்னால் யாரும் வராத, பனி கிடக்கும், சமதளமான, நேரான இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். காலுக்கடியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கடகடவென்று அதிர்ந்தபடி வண்டி எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே புரியும்.

கேள்வி: முன்சக்கர இழுவைக் கார். முன்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா?

கூடாது. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். இறக்கத்து வளைவில் லேசாக பிரேக் தொட்டாலே வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். நாலும் மாற்றுங்கள், இல்லையென்றால் நாலையும் விட்டுவிட்டு மெதுவாகப் போங்கள்.

கேள்வி: வருஷம் முழுக்க ஓடும் ஆல் சீசன் டயர் போதும் என்கிறார்களே?

சிலருக்குப் போதும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் பனித்துகள் என்று ஒரு சின்னம் இருக்கிறதா பாருங்கள். பனியில் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அது கிடைக்கும். 'எம்+எஸ்' (M+S, சேறும் பனியும் என்று பொருள்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது, அதற்குச் சோதனை கிடையாது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் குளிர்கால டயராக ஏற்றுக்கொள்ள மலைச் சின்னம் கட்டாயம்.

சின்னம் உள்ள ஆல் சீசன் டயர், பனி ஓரிரு நாளில் கரைந்துவிடும் இடத்துக்கு நல்ல தேர்வு. வாரக்கணக்கில் பனி இறுகிக் கிடக்கும் சாலைக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்தச் சோதனை பனியில் நடப்பது, ஐஸில் அல்ல. ஐஸ் பிடிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளில் 2021 மே முதல் தனிக்குறி உண்டு.

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு மாறும். கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். ஜெர்மனியில் தேதி கிடையாது, சாலை பனியாகவோ ஐஸாகவோ இருந்தால் கட்டாயம். பிரிட்டனில் கட்டாயமே இல்லை. எல்லை தாண்டி ஓட்டுபவர்கள் போகும் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய குளிர்கால டயர் ஒரு செட் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பட்டன் ஆழத்தை அளந்துவிட்டுப் பேசுங்கள். ஐரோப்பாவில் பொதுவாகச் சட்ட வரம்பு 1.6 மி.மீ.தான். ஆனால் ஆஸ்திரியா குளிர்கால டயருக்கு 4 மி.மீ. கேட்கிறது, நானும் அதைத்தான் பின்பற்றச் சொல்வேன். அதற்குக் கீழே போனால் பனியைக் கவ்வ ஆழம் போதாது. அப்புறம், பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 3818 என்றால் 2018-ன் 38-வது வாரத்தில் செய்தது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பர் கல்லாக இருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கேள்வி: டிக்கியில் பனிச் சங்கிலி (சக்கரத்தைச் சுற்றி மாட்டுவது) வைத்திருந்தால் டயரை மாற்றாமல் சமாளிக்கலாமா?

சங்கிலி, மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து மீளவும் செங்குத்தான ஏற்றத்துக்கும்தான். வழக்கமாக 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. பனி இல்லாத ரோட்டில் கழற்றிவிட வேண்டும். தினமும் போய்வர அது தோதுப்படாது. வைத்திருப்பவர்கள் ஒரு வறண்ட நாளில் வீட்டு வாசலிலேயே மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். இருட்டில், விரல் விறைத்த நிலையில் முதல்முறையாகப் பழகுவது மிகவும் கஷ்டம்.

கேள்வி: எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது?

காலை நேர வெப்பம் தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே இருக்கத் தொடங்கும்போது மாட்டுங்கள். முதல் பனிக்குக் காத்திருந்தால் டயர் கடையில் இடம் கிடைக்காது. வசந்தத்தில் வெப்பம் 7 டிகிரிக்கு மேல் நிலைத்ததும் கழற்றிவிடுங்கள், சூடான ரோட்டில் இந்த ரப்பர் சீக்கிரம் தேயும், பிரேக் தூரமும் கூடும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் சுமார் 0.1 பார் (bar, அழுத்தத்தின் அலகு) இறங்கும், அதனால் குளிர் கூடக்கூட காற்றைப் பாருங்கள். மாட்டியபின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒருமுறை சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.