அரசியல் தத்துவம் படிக்க ஆசைப்படும் பெண்ணின் தந்தைக்கு

வணக்கம் ஐயா. அரசியல் தத்துவம் படித்து என் பெண் என்ன செய்யப் போகிறாள், பேசாமல் பொருளாதாரத்தில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தனிமனிதச் சுதந்திரத்தை முன்னிறுத்தும் லிபரலிசம் என்ற அரசியல் சிந்தனை பற்றித் தெரிந்துகொள்ளச் செய்தித்தாள் போதாதா என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

செய்திகளில் லிபரல் என்பது சிலருக்குப் பெருமை, சிலருக்கு வசவு. ஒருவர் அதைத் தடையற்ற சந்தை என்கிறார். இன்னொருவர் எளியவர்களுக்கு அரசு தரும் பாதுகாப்பு என்கிறார். ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு எப்படி எதிரெதிராக நிற்கிறார்கள்? அந்த முடிச்சை அவிழ்க்கக் கற்றுத்தருவது இந்தப் படிப்புதான்.

1971-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் ஒரு கேள்வி கேட்டார். பணக்காரராகப் பிறப்போமா, ஏழையாகப் பிறப்போமா, திறமை இருக்குமா என்று எதுவுமே தெரியாத நிலையில் சமூகத்துக்கு விதி வகுக்கச் சொன்னால் எப்படி வகுப்போம்? கடைசிப் படியில் இருப்பவரின் நிலை முடிந்தவரை நன்றாக இருக்கும்படி வகுப்போம் என்பது அவருடைய பதில். மூன்றே ஆண்டுகளில், ரால்ஸ் இருந்த அதே ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த ராபர்ட் நோசிக் மறுத்து எழுதினார். சரி, செல்வத்தை உங்களுக்குப் பிடித்தபடியே பங்கிடுங்கள். அப்புறம் ஒரு கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைப் பார்க்கப் பத்து லட்சம் பேர் வருகிறார்கள்; ஆளுக்கு 25 சென்ட் அவருக்கென்று மனமுவந்து போடுகிறார்கள். அவர் கையில் 2,50,000 டாலர். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனால் பங்கீடு குலைந்துவிட்டது. அதைக் காப்பாற்ற வேண்டுமானால் மனிதர்களின் விருப்பத்தில் ஓயாமல் கை வைக்க வேண்டும் என்றார் நோசிக். இருவருமே லிபரல் மரபில் வந்தவர்கள். என் திறமைக்குக் கிடைக்கும் பலன் முழுவதும் எனக்கே சொந்தமா என்ற இடத்தில் பிரிகிறார்கள். வரிவிதிப்பு பற்றிய எந்த விவாதத்தையும் கிளறிப் பாருங்கள், அடியில் இது இருக்கும்.

வெளியிலிருந்து வரும் விமர்சனங்கள் வேறு. குடும்பம், நம்பிக்கை, உறவு எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு விதி வகுப்பதாக ரால்ஸ் சொல்லும் அந்த மனிதர் யார் என்று 1982-இல் தத்துவ அறிஞர் மைக்கேல் சாண்டெல் கேட்டார். அரசு என்பது மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு என்று சமூக ஒப்பந்தம் பேசியவர்கள் பெண்களை எங்கே வைத்தார்கள் என்று 1988-இல் பெண்ணிய அறிஞர் கரோல் பேட்மன் கேட்டார். 1859-இல் சுதந்திரத்துக்காக அவ்வளவு அழகாக வாதாடிய லிபரல் முன்னோடி ஜான் ஸ்டூவர்ட் மில், 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 'பக்குவமடையாத' சமூகங்களுக்கு அந்தச் சுதந்திரம் பொருந்தாது என்றும் எழுதியவர். இன்றும் அந்தப் பக்கத்தைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் எதிர்த்தரப்பை அறியாதவருக்குத் தன் தரப்பும் சரியாகத் தெரியாது என்று சொன்னவரும் அதே மில்தான். இந்த இரண்டையும் மறைக்காமல் ஒரே கட்டுரையில் எழுதப் பழகும் பிள்ளைக்குச் சட்டம், குடிமைப் பணி, கொள்கை ஆய்வு, இதழியல் எதிலும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள். அதையும் சொல்லியாக வேண்டும். அதனால் பொருளியலோ புள்ளியியலோ துணைப்பாடமாக இருக்கட்டும்.

ஒன்று செய்யுங்கள். நோசிக்கின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒரு பக்கமும், அதை மறுத்து ஒரு பக்கமும் உங்கள் பெண்ணை எழுதச் சொல்லுங்கள். அதை அவள் ரசித்து எழுதுகிறாளா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். அடுத்த முறை அந்த இரண்டு பக்கங்களோடு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்கே சேர்ப்பது என்பதை அப்போது பேசலாம்.