கொஞ்சவே பயமாக இருக்கிறது

கேள்வி: என் மகனுக்கு நான்கு மாதம். பிலியரி அட்ரீசியா என்ற பித்தநாள அடைப்பு. பிறந்த 68-ஆம் நாள் கஸாய் அறுவை சிகிச்சை (பித்தம் வடிய குடலை நேரடியாக ஈரலோடு இணைப்பது) நடந்தது. பலித்ததா என்று இன்னும் தெரியவில்லை. வயிற்றில் இருந்தபோது நான் ஏதோ தப்பு செய்துவிட்டேனோ என்று குடைகிறது. மஞ்சள் காமாலை தானாகப் போய்விடும் என்றும் இருந்துவிட்டேன். கணவர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவனைக் கொஞ்சவே எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புச் சகோதரி, கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சிப் பழகிவிட்டு நாளை ஏதாவது ஆகிவிட்டால் தாங்கமாட்டோமே என்று மனம் முன்கூட்டியே விலகி நிற்கப் பார்க்கிறது. பாசம் நிறைந்த இடத்தில்தான் இந்தப் பயம் வரும். டயபரைப் பிரித்தால் மலத்தின் நிறம், தூக்கினால் கண்ணில் மஞ்சள் என்று நாள் முழுக்கப் பரிசோதித்துக்கொண்டே இருப்பீர்கள். பார்க்க வேண்டியதை டயபர் மாற்றும்போது பார்த்து நோட்டில் குறித்துவிடுங்கள். நோட்டை மூடியபின் அவன் முகத்தை மட்டும் பாருங்கள். ஆனால் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இந்த அறுவைக்குப் பின் பித்தக்குழாயில் தொற்று வரலாம்.

நீங்கள் சாப்பிட்டதாலோ வேலை பார்த்ததாலோ இது வந்ததாக மருத்துவத்தில் எந்தச் சான்றும் இல்லை. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் தட்டும், பெரும்பாலும் தானாகவே வடியும். அதனால்தான் நீங்கள் காத்திருந்தீர்கள். (இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கு: இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் வடியாவிட்டாலோ, மலம் வெளிறிப் போனாலோ நேரடி பிலிரூபின் பரிசோதனையை (பித்தம் வடியாமல் தேங்குகிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) கேட்டு வாங்குங்கள்.)

அறுவை பலித்ததா என்பதைப் பெரும்பாலும் மூன்று மாதம் கழித்து மஞ்சள் வடிந்ததை வைத்துத்தான் கணிப்பார்கள். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பலிக்காவிட்டாலும் ஈரல் மாற்று உண்டு. குழந்தைகளுக்கு ஈரல் மாற்று அதிகம் நடப்பதே இந்த நோய்க்குத்தான். பெரியவர் ஒருவரின் ஈரலில் ஒரு பகுதியே போதும்.

கணவருக்கும் பயம்தான், அவர் அதை அடக்கி வைத்திருக்கலாம். "எனக்குப் பயமா இருக்குங்க. நீங்க எதுவும் சரி பண்ண வேண்டாம், பக்கத்துல உட்கார்ந்து கேட்டா போதும்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கேட்க வேண்டியதை இருவரும் ஒரே தாளில் எழுதுங்கள். கையில் ஒரு வேலை இருந்தால் சில ஆண்களுக்குப் பேச்சு வரும்.

அந்தத் தாளில் உங்களைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். குழந்தை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராமல், இரண்டு வாரமாக அழுகை ஓயாமல் இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றினால் செக்கப் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் குழந்தையைப் பார்க்கும் டாக்டரிடமே சொல்லலாம்.