வாசகர் கேள்வி: நடந்தே காணும் புதுச்சேரி

கேள்வி: வயதான பெற்றோருடன் ஒரே நாளில் புதுச்சேரியை நடந்தே பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, கடலூர்

பதில்: முதல் பேருந்திலேயே புறப்பட்டு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் கடற்கரைச் சாலையை முடித்துவிட வேண்டும். 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும் காந்தி சிலையும் அருகருகே இருப்பதால் பெற்றோருக்கு அலைச்சல் இராது. அங்கிருந்து பாரதி பூங்காவுக்குச் சென்று, ஆயி மண்டபத்தைப் பார்த்தபின் மர நிழலில் இளைப்பாறுங்கள். அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பாருங்கள்; ரோமானியரோடு வணிகம் நடத்திய துறைமுகம் ஒன்று இக்கரையில் இருந்ததற்கு அவையே சான்று. மணக்குள விநாயகரையும் வழியிலேயே தரிசிக்கலாம்.

பலர் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த வீதிகளோடு திரும்பிவிடுகிறார்கள். அது பாதி ஊர்தான் என்பது என் உறுதியான கருத்து. பெரிய வாய்க்காலைக் கடந்து மேற்கே நடந்தால், திண்ணையும் தாழ்வாரமும் வைத்துக் கட்டிய தமிழர் வீடுகளையும், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையையும் காணலாம். 1908 முதல் 1918 வரை இவ்வூரில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியாரின் நினைவில்லம் ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில் உள்ளது. அங்கே அவசரப்படாமல் இருங்கள். நண்பகலில் பெற்றோர் கட்டாயம் ஓய்வெடுக்கட்டும். மாலையில் கடற்கரைச் சாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவதால், அவர்கள் அச்சமின்றி மீண்டும் நடக்கலாம்.