லாபம் இருக்கிறது, பணம் எங்கே? பண்ணைக் கணக்குக் கேள்வி-பதில்

கணக்கெழுதினால் லாபம் வருகிறது. ஆனால் வங்கி இருப்பு காலி. ஏன்?

முதலில் கடன் தவணையைப் பாருங்கள். லாபக் கணக்கில் வட்டி மட்டுமே செலவு. அசல் அதில் வராது. பணம் மட்டும் இரண்டுக்கும் சேர்த்துப் போகும். அடுத்தது, விற்காமல் கிடக்கும் விளைச்சலும் வியாபாரி தர வேண்டிய பாக்கியும். ஏட்டில் இவை வரவுதான், கைக்கு இன்னும் வரவில்லை. மூன்றாவது, வீட்டுச் செலவு. பண்ணைப் பணத்தை வேண்டும்போதெல்லாம் எடுத்தால் எவ்வளவு எடுத்தோம் என்றே தெரியாது. வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று முடிவு செய்து, ஒரே தேதியில் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

பிறகு ஒரு தாளில் 12 மாதக் கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதமும் உண்மையில் வரும் பணம், போகும் பணம், மாதக் கடைசி இருப்பு ஆகியவற்றை எழுதுங்கள். எந்த மாதம் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகிறதோ, அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வங்கியில் பேசுங்கள். தவணை தவறிய பிறகு போனால் அதே வங்கி வேறு மாதிரிப் பேசும்.

டிராக்டர் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பதுதான் கேள்வி. ஓர் எடுத்துக்காட்டு: விலை 10 லட்சம், 10 வருடம் கழித்து 2 லட்சத்துக்குப் போகும் என்றால், வருடத் தேய்மானம், அதாவது வருடத்துக்குக் குறையும் மதிப்பு, 80,000. 10-ஐயும் 2-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் வண்டியில் முடங்கும் சராசரி முதலீடு 6 லட்சம். 10 சதவீத வட்டி 60,000. காப்பீடு, கொட்டகை 20,000. ஆக, வண்டி ஓடாவிட்டாலும் வருடச் செலவு 1,60,000. வாடகை மணிக்கு 1,000, சொந்த வண்டிக்கு டீசல், ஓட்டுநர், பழுது எல்லாம் சேர்த்து 600 என்றால் மிச்சம் 400. 1,60,000-ஐ 400-ஆல் வகுத்தால் 400 மணி நேரம். அதற்குக் குறைவாக ஓட்டுபவருக்கு வாடகையே மலிவு. பருவத்தில் வாடகை வண்டி நேரத்துக்குக் கிடைக்காமல் விதைப்பு தள்ளிப்போகும் இடமென்றால், அந்த இழப்பையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். பலர் விடுவது இதைத்தான்.

பயிர்க் கடனில் கொஞ்சம் எடுத்து மோட்டார் வாங்கலாமா?

வேண்டாம். மோட்டார் தன் விலையைத் திருப்பித் தரப் பல வருடம் ஆகும். பயிர்க் கடனை அறுவடை முடிந்ததும் கட்ட வேண்டும். அடுத்த பருவத்து விதைக்கும் உரத்துக்கும் பணம் இருக்காது.

அடக்க விலைக்குக் கீழே விலை போகிறது. வைத்திருக்கலாமா?

அறுத்த பயிருக்குச் செய்த செலவு இனி திரும்பாது. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எதிர்பார்க்கும் விலையிலிருந்து கிடங்கு வாடகை, எடை குறைவு, சேதம், அதுவரை ஓடும் கடன் வட்டி ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவது இன்றைய விலையைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும் வையுங்கள்.

மகன் நிலத்தைப் பார்க்கிறான், மகள் வெளியூரில் வேலை. சமமாகப் பிரித்தால் பண்ணை நிலைக்குமா?

நிலம், நிர்வாகம், வருமானம் மூன்றையும் தனித்தனியாகப் பேசுங்கள். மகன் சம்பளமில்லாமல் உழைத்திருந்தால், அதை வருடாவருடம் எழுதி வைப்பது நியாயம். பின்னால் நினைவிலிருந்து பேசினால் சண்டைதான் வரும். மகளின் பங்கை ஒரே நேரத்தில் பணமாகக் கொடுக்க நிலத்தை விற்க வேண்டியிருந்தால், பல வருடத் தவணையாகக் கொடுக்க எழுத்தில் ஒப்பந்தம் போடலாம். அந்தத் தவணையைப் பண்ணையின் வருட மிச்சம் தாங்குமா என்பதை, பெற்றோரின் முதுமைச் செலவை ஒதுக்கிய பிறகே கணக்கிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரையும் கணக்காளரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள்.