சாஸ் கேட்காதவர்களுக்கும் சாஸ் இறங்குகிறதே!

கடலூர் வகுப்பில் வெறும் சிஎஸ்எஸ் எழுதுபவர்களுக்கும் உங்கள் பில்டு கருவியோடு சாஸ் (Sass, எஸ்சிஎஸ்எஸ் கோப்புகளைச் சிஎஸ்எஸ் ஆக்கித் தரும் கருவி) இறங்குகிறது, package.json கோப்பில் 'ஆப்ஷனல் டிபென்டென்சீஸ்' பகுதியில் போட்டும் நிற்கவில்லை என்கிறீர்கள். நிற்காது. பேக்கேஜ்களை நிறுவித் தரும் என்பிஎம் அதையும் இறக்கத்தான் பார்க்கும். முடியாமல் போனால் மட்டும் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும்.

சாஸை 'பியர் டிபென்டென்சீஸ்' (பயன்படுத்துபவரின் ப்ராஜெக்டில் இருக்க வேண்டியவை) பகுதிக்கு மாற்றி, 'பியர் டிபென்டென்சீஸ் மெட்டா'வில் அதற்கு 'ஆப்ஷனல்: ட்ரூ' கொடுங்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், என்பிஎம் 7 முதல் பியர்களும் தானாகவே இறங்கும்.

அப்புறம், உங்கள் கருவியின் நிரலில் கோப்பின் தலையிலேயே சாஸை இம்போர்ட் செய்யாமல், எஸ்சிஎஸ்எஸ் கோப்பு வந்தால் மட்டும் பிழையைப் பிடிக்கும் ட்ரை-கேட்சுக்குள் டைனமிக் இம்போர்ட் (தேவைப்படும் நேரத்தில் ஏற்றுவது) செய்யுங்கள். மாட்யூல் கிடைக்காத பிழைக்கு மட்டும் "என்பிஎம் இன்ஸ்டால் சாஸ் போடுங்கள்" என்று காட்டுங்கள். நான் எல்லாப் பிழைக்கும் அதையே காட்டி, புதுச்சேரியில் ஒரு சனிக்கிழமை முழுக்க, இருக்கிற சாஸையே திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தேன்.