சிவப்பு மையில் எழுதிய உரைகாரர்

கேள்வி: பழைய சீன மருத்துவ நூல்களுக்கு உரை எழுதிய மருத்துவர்கள் மூலத்திலேயே கை வைத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கை வைத்தார்கள்தான், ஆனால் எல்லாருமே மறைத்துச் செய்யவில்லை. சீனாவில் தாங் அரச மரபுக் காலத்து உரைகாரர் வாங் பிங்கைப் பாருங்கள். ‘சூவென்’ என்ற பழைய மருத்துவ நூல் குழம்பிக் கிடந்தது, ஒரே பகுதி இரண்டு இடத்தில் வரும், சில இடத்தில் தலைப்பே இருக்காது. அவர் 12 வருடம் உழைத்து 24 சுருள்களாக ஒழுங்குபடுத்தி, உரையும் எழுதி 762-இல் முடித்தார். தான் சேர்த்த எழுத்துகளையெல்லாம் சிவப்பு மையில் எழுதினார், பழையதும் புதியதும் கலந்துவிடக் கூடாதே என்று. எவ்வளவு நேர்மை! அப்புறம் வந்த பிரதிகளில் அந்தச் சிவப்பு தொலைந்துபோனது, அதுதான் வருத்தம். 11-ஆம் நூற்றாண்டில் சீனாவின் சோங் அரசுக்காக அந்த நூலைச் சரிபார்த்த லின் யீ குழுவினரும், தனியாகத் தெரியும்படி, தங்கள் குறிப்புகளை ‘புதிய திருத்தம் சொல்வது’ என்றே தொடங்கினார்கள்.